கண்மாய்க்குப் பணம் அனுப்புமுன்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தது. சிங்கப்பூர், துபாய், நியூஜெர்சி என்று இருக்கும் நம்மூர்க்காரர்கள் எல்லாம் சேர்ந்து கண்மாயைத் தூர்வாரப் பணம் திரட்டப் போகிறீர்கள் என்று படித்ததும் சந்தோஷம். ஆனால் பணம் யார் கணக்கில் சேரும் என்பதை நீ எழுதவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2010-ல் வந்தது, 2020-ல் இன்னும் இறுகியது. அது பார்ப்பது நீங்கள் இருக்கும் நாட்டை அல்ல, பாஸ்போர்ட்டை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. சிங்கப்பூரில் பி.ஆர். (நிரந்தரவாசி உரிமை) வாங்கியவர், அமெரிக்காவில் கிரீன் கார்டு வைத்திருப்பவர், துபாய்ப் பையன்கள் எல்லாரும் இதில் அடக்கம். குடியுரிமை மாறிவிட்டவர் மட்டும் வெளிநாட்டவர்தான். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படித்தான். நீங்கள் அங்கே ஒரு சங்கத்தைப் பதிவு செய்து அதன் பெயரில் அனுப்பினால், உறுப்பினர் அத்தனை பேரும் இந்தியர்களாகவே இருந்தாலும் அது வெளிநாட்டு அமைப்பு. ஆகவே எல்லார் பணத்தையும் ஒருவர் கணக்கில் போட்டு மொத்தமாக அனுப்பும் யோசனையை விட்டுவிடு. கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்கள் இங்கே வைத்திருக்கும் என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கிலிருந்து அவரவரே அனுப்பட்டும், கூடவே பாஸ்போர்ட் நகல் ஒன்றும் வரட்டும்.

குடியுரிமை மாறியவர்கள் கொடுக்க விரும்பினால், எஃப்.சி.ஆர்.ஏ. பதிவுள்ள அறக்கட்டளைக்குத்தான் கொடுக்க வேண்டும். அந்தப் பணம் முதலில் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக்குத்தான் வரும். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஓர் அறக்கட்டளை அதை வாங்கி இன்னொன்றுக்குக் கைமாற்றவும் கூடாது, வேலையை அதுவே செய்ய வேண்டும். நாமே புதிதாக ஒன்றைத் தொடங்கலாம் என்றால், பதிவு கேட்கும் முன் மூன்று ஆண்டு இயங்கி 15 லட்சம் செலவு காட்டியாக வேண்டும். ஒரு கண்மாய்க்காக அந்தப் பாடு தேவையா? இன்னொன்று: அக்கா, தம்பி என்று உறவினருக்கு அனுப்பி, அதை ஊர்வேலைக்குத் திருப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. உறவினருக்கு அனுப்பும் பணத்துக்குச் சட்டம் தரும் விலக்கு குடும்பத்துக்கு, ஊர்வேலைக்கு அல்ல.

நான் சொல்லும் வழி நமக்கு நாமே திட்டம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். நிர்வாக அனுமதி தருபவர் மாவட்ட ஆட்சியர். 15 லட்ச ரூபாய் வேலைக்கு நம் பங்கு 5 லட்சம். நம் பங்கு பாதியைத் தொட்டால், அதாவது ஏழரை லட்சம் என்றால், டெண்டருக்கு விடாமல் வேலையை நாமே எடுத்து நடத்தலாம். ஊரில் தினமும் நின்று பார்க்க நம்பகமான ஆள் இருந்தால் மட்டும் பாதி போடுங்கள். நம் கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 100 ஏக்கருக்குள் என்பதால் அது ஒன்றியக் கண்மாய், பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) அலுவலகத்தோடு முடியும். அதற்கு மேற்பட்டது என்றால் நீர்வளத்துறைக்கு அலைய வேண்டும். கிராம சபைத் தீர்மானம் கையில் இருந்தால் நடை குறையும். ஆண்டுக்கு ஆறு கூட்டம் உண்டு. மார்ச் 22 கூட்டத்தில் வைத்தால் கோடைக்குள் வேலை தொடங்கலாம்.

இனி வேலை. நீங்கள் 'தூர்வாருதல்' என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு போட்டுப் பார்: 10 ஏக்கரில் ஓரடி மண் என்றால் 4,35,600 கன அடி, 4,356 யூனிட். வெட்டிய மண் உப்பும். ஐந்தில் ஒரு பங்கு கூடினாலும் 5,200 யூனிட்டைத் தாண்டும். மூன்று யூனிட் டிப்பரில் 1,700 நடைக்கு மேல். ஐந்து டிப்பர் ஒவ்வொன்றும் நாளுக்கு 12 நடை ஓடினாலும் ஏறக்குறைய ஒரு மாதம். காசெல்லாம் டீசலில் போய்விடும். அந்த வண்டலை வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கி விவசாயிகளே இலவசமாக வயலுக்கு அடித்துக்கொள்ளலாம். 2024-லிருந்து அனுமதிக்கு அவரைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. எனவே உங்கள் பணத்தை மண்ணில் போடாமல் வரத்துக்காலிலும் (கண்மாய்க்குத் தண்ணீர் வரும் கால்வாய்) மடையிலும் (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகு) கலிங்கிலும் (மிகை நீர் வழியும் இடம்) போடுங்கள்.

வரத்துக்கால் அடைபட்டிருந்தால் கண்மாயை எவ்வளவு ஆழப்படுத்தினாலும் நிறையாது. முதலில் சர்வேயரை வைத்துக் காலின் அகலத்தை வருவாய்ப் பதிவேட்டோடு ஒப்பிட்டு அளக்க வேண்டும். சண்டை வருவதும் இங்கேதான், ஆக்கிரமிப்பு நம் பங்காளிகளுடையதாகவே இருக்கும். மடையின் தளமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயாது, மீனுக்கும் மாட்டுக்கும்தான். வண்டல் முடிந்து மணலோ சரளையோ தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் தேங்கிய நீர் அடியில் இறங்கிவிடும். கரையை ஒட்டித் தோண்டினால் முதல் மழையிலேயே கரை சரியும். கலிங்கின் மேல் கல் அடுக்கி உயர்த்தச் சொல்பவர்களும் வருவார்கள். மேலே இருப்பவன் வயல் மூழ்கும், வழிந்து கீழ்க் கண்மாய்க்குப் போகும் மறுகால் தண்ணீர் குறையும், வழக்கு வரும்.

மண் அள்ளும் ஹிட்டாச்சி இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் பணம் கொடுக்காதீர்கள். வேலைக்கு முன்னும் பின்னும் தரைமட்டத்தை அளந்து (லெவல் எடுத்து), அளவுப் புத்தகத்தில் பதிந்த கன அளவுக்குக் கொடுங்கள். குழுவில் போடும் படங்களைப் பார்த்து ஆழம் தெரியாது. கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமையான மீன்பாசிக் குத்தகை எப்போது முடிகிறது என்றும் கேட்டு வைக்க வேண்டும். குத்தகைக்காரர் தண்ணீரை வடிக்கவிட மாட்டார்.

மெக்சிகோவின் சகடேகாஸ் மாநிலத்தைப் பற்றிப் படித்திருக்கிறாயா? அமெரிக்காவுக்குப் போனவர்களின் ஊர்ச் சங்கங்கள் ஒரு பெசோ போட்டால் நகராட்சி, மாநிலம், மத்திய அரசு மூன்றும் ஆளுக்கொரு பெசோ போட்டன. அங்கே 1999-ல் வந்தது, 2002-ல் நாடு முழுக்கப் போனது. சாலை, குடிநீர், பள்ளி நிறைய நடந்தது. ஆனால் சங்கம் வலுவாக இருந்த ஊருக்கே பணம் போனது, ஏழ்மை மிகுந்த ஊர் பின்தங்கியது. வெளிநாட்டில் இருந்த ஊர்க்காரர்களின் ஆசைக்குக் கோயிலும் சதுக்கமும்கூட எழும்பின. 2020 பட்ஜெட்டில் அதற்கு நிதியே இல்லை. அரசுப் பங்கை நம்பித் திட்டமிடு, ஆனால் அது வராமல் போனாலும் வரத்துக்காலையாவது முடிக்கும் அளவுக்குப் பணம் கையில் இருக்கட்டும்.

வேலை முடிந்த பிறகும் செலவு உண்டு. ஒரு மழை பெய்தால் சீமைக்கருவேல் மறுபடி முளைக்கும். திரட்டுவதில் பத்தில் ஒன்றை ஒதுக்கி, ஆண்டுக்கொரு முறை ஆவணி வாக்கில் கரையில் முளைத்ததை வெட்டவும் மடைப் பலகை மாற்றவும் வையுங்கள். பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கலாம் என்று உன் குழுவில் ஒருவர் சொன்னாராம். முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கேட்கச் சொல். கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டும் என்று அவர்கள் சொல்லக்கூடும். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை சேர்க்கும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாகவும் கொடுக்கலாம்.

வீட்டில் எல்லாரும் நலம். பணம் திரட்டுவதை நிறுத்தி வைத்துவிட்டு, யார் யாரிடம் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்ற பட்டியலை முதலில் அனுப்பு. அதற்குள் ஒன்றிய ஓவர்சியரிடம் மதிப்பீடு கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
சண்முகம்