கால்வாய் வெட்டியவர்களைப் பார்க்க வந்தவர்களுக்கு

நண்பர்களே, வணக்கம்.

போன சனிக்கிழமை மாசசூசெட்ஸின் லோவெல் நகரில், கால்வாய்க்கரை ஓரமாகத் தமிழில் கதை சொல்லிக்கொண்டே ஒரு நடை போனோம். தூறலைப் பார்த்ததும் நாலு பேர்கூட வரமாட்டார்கள் என்று பயந்தேன். குடையோடும் குழந்தைகளோடும் வந்து நின்றீர்கள். மனமார்ந்த நன்றி.

முதலில், பழைய வரைபடங்களை எடுத்துக் கொடுத்து, பொறுமையாக விளக்கிய நூலக ஊழியருக்கு நன்றி. நடையில் சொன்ன கதை இங்கேதான் தொடங்குகிறது: 1822 ஏப்ரலில் அயர்லாந்தின் டைரோன் மாவட்டத்துக்காரர் ஹியூ கமிஸ்கி, முப்பது அயர்லாந்து ஆட்களோடு பாஸ்டனை ஒட்டிய சார்ல்ஸ்டவுனிலிருந்து ஏறக்குறைய 25 மைல் நடந்தே இங்கே வந்தார். அப்போது இது வெறும் விவசாயக் கிராமம். பழைய பட்டக்கட் கால்வாயை அகலப்படுத்தி ஆழப்படுத்தினால்தான், 32 அடி இறங்கும் மெரிமாக் ஆற்று நீரை மில் சக்கரங்களுக்குத் திருப்ப முடியும். மண்வெட்டி, கடப்பாரை, வெடிமருந்து, அப்புறம் உடம்பு. மறு வருடமே முதல் மில் ஓடத் தொடங்கிவிட்டது.

ஊரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த அம்மா ஒருவர் கேட்ட கேள்விக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். "கூலியை யார் கிட்டப்பா பேசினாங்க?" மில் கம்பெனியின் ஏஜெண்ட் கிர்க் பூட் கமிஸ்கியோடு பேசினார், கமிஸ்கி ஆட்களைத் திரட்டினார் என்றேன். "அப்போ மேஸ்திரின்னு சொல்லு" என்றார். நான் 'ஒப்பந்ததாரர், தொழில்முனைவோர்' என்று எழுதி வைத்திருந்த இரண்டு பக்கத்தை அந்த ஒரு சொல் தெளிவாக்கிவிட்டது. கூட்டத்தில் தலைகள் ஆடியதைப் பார்த்தேன்.

மில் அருங்காட்சியகத்தின் நெசவுக்கூடத்தில் எல்லாருக்கும் காதடைப்பான் கொடுத்த வழிகாட்டிக்கும் நன்றி. தறிகள் ஓடத் தொடங்கியதும் அதே அம்மா தூணில் உள்ளங்கையை வைத்து, "உள்ளே நடுங்குது" என்று பேத்தியின் கையையும் இழுத்து வைத்தார். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி வந்த அயர்லாந்துப் பெண்கள் இப்படிப்பட்ட அதிர்விலேயே நாள் முழுக்க நின்றார்கள். அதுவரை தறிகளில் பெரும்பாலும் நியூ இங்கிலாந்துப் பண்ணைவீட்டுப் பெண்கள்தான். அவர்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். கால்வாய் வெட்டியவர்களுக்கு அந்த அளவு இடம் கிடைக்கவில்லை என்பதுதான் என் நெடுநாள் ஆதங்கம்.

அவர்கள் குடிசை போட்ட 'ஏக்கர்' பகுதியில், 1831-இல் அவர்கள் எழுப்பிய முதல் புனித பாட்ரிக் தேவாலயம் இருந்த தெருவில், நனைந்துபோன எங்களை உள்ளே கூப்பிட்டுச் சூடாகத் தேநீர் கொடுத்த கம்போடியக் கடைக்காரம்மாவுக்கும் நன்றி. காசு வாங்க மறுத்துவிட்டார். இந்த மடலை அச்செடுத்து அவரிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டப் போகிறேன்.

அன்புடன்,
நடையை ஏற்பாடு செய்தவன்