எம்ஜிபி காரின் சீரமைப்பு வேலை குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், பழைய கார் சீரமைப்புப் பிரிவு

பொருள்: 1966ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர்: பில்லில் உள்ள வேலைகள் செய்யப்படாததும் அவற்றைச் செய்து தரக் கோருவதும்

ஐயா,

என் எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை உங்கள் பட்டறையில் விட்டபோது இரண்டு வேலைகள் கேட்டிருந்தேன். துருப்பிடித்த பாடியை முறையாகச் சரிசெய்வது ஒன்று. இன்றைய சாலையிலும் இன்றைய பெட்ரோலிலும் கவலையில்லாமல் ஓட சில பாகங்களை மேம்படுத்துவது இன்னொன்று. இரண்டுமே எஸ்டிமேட்டில் தெளிவாக இருந்தன, பணமும் முழுதாகக் கட்டிவிட்டேன். பெயின்ட் வேலை அருமையாக இருக்கிறது, அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் ஜாக்கி போட்டுத் தூக்கினால் டிரைவர் பக்கக் கதவு சிக்கிக்கொள்கிறது. கீழே இறக்கினால் சரியாகிவிடுகிறது.

இது ஏன் பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். இதற்கு முந்தைய மாடலான எம்ஜிஏவுக்குத் தனிச் சேஸிஸ், அதாவது காரைத் தாங்கும் அடிச்சட்டம், இருந்தது. 1962இல் வந்த எம்ஜிபிக்கு அது கிடையாது, பாடிதான் காரைத் தாங்குகிறது. மேலே கூரையும் இல்லாத ரோட்ஸ்டரில் அந்தப் பாரத்தின் பெரும்பகுதி கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பேனல்களில்தான் விழுகிறது. உள் சில், வெளி சில், இரண்டுக்கும் நடுவே ஒரு தகடு, அடியில் காசில் ரெயில் என்ற தாங்குதகடு, இவை எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டியாக நின்றால்தான் பலம். அதனால்தான் எஸ்டிமேட் பேசும்போதே, வெளித்தகடு மட்டும் மாற்றினால் போதாது, நான்கையும் மாற்ற வேண்டும் என்று சொன்னேன். இரண்டு பக்கமும் நான்கும் புதிது என்றுதான் பில்லிலும் இருக்கிறது.

வேறொரு மெக்கானிக்கிடம் காரைக் காட்டினேன். சில்லுக்குள் சிறிய கேமரா விட்டுப் பார்த்தார். பழைய வெளி சில் துருவோடு அப்படியே இருக்கிறது, அதன் மேலேயே புதுத் தகட்டை வைத்து வெல்டிங் செய்து, புட்டி பூசி, பெயின்ட் அடித்திருக்கிறீர்கள். நடுத்தகட்டில் கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். காசில் ரெயிலைத் தொடவே இல்லை. இன்னொரு ஆதாரமும் உண்டு. எம்ஜிபியில் வெளி சில்லின் பின்முனை பின் விங்குக்கு (பின் சக்கரத்தை மூடும் பக்கத் தகடு) உள்ளே போய் முடிகிறது. முன் விங் போல்ட்டில் நிற்பது, கழற்றிவிடலாம். பின் விங் வெல்டிங் செய்யப்பட்டது, அதன் கீழ்ப்பகுதியை வெட்டாமல் முழுச் சில்லை மாற்ற முடியாது. என் காரின் பின் விங்கில் வெட்டிய தடமே இல்லை. படங்களை இணைத்திருக்கிறேன்.

போனில் பேசியபோது உங்கள் ஊழியர் "பழைய கார் என்றால் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்றார். இதை நான் ஏற்க மாட்டேன். எம்ஜிபிக்கு உதிரி கிடைக்காது என்று யாரும் சொல்ல முடியாது. 1988 முதல் முழுப் பாடியையே பழைய அச்சுகளில் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பொருள் இருந்தது, பணம் இருந்தது, வேலைதான் நடக்கவில்லை. அதோடு, 40 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2018 மே முதல் பிரிட்டனில் எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. அரசுச் சோதனையில் யாரோ கண்டுபிடிப்பார்கள் என்ற பாதுகாப்பு எங்களுக்கு இல்லை. வேலை செய்தவர் சொல்லை நம்பித்தான் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறோம்.

அடுத்தது பெட்ரோல் குழாய். 2021 செப்டம்பரில் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10 பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் குழாய்கள் எத்தனாலில் நைந்துபோகின்றன என்பதால், எத்தனால் தாங்கும் குழாய்களைப் போடச் சொன்னேன். பில்லில் அதுதான் இருக்கிறது. காரில் இருந்ததோ எந்தத் தரக்குறியும் அச்சாகாத சாதாரணக் குழாய். கார்பரேட்டர் முனையில் அது கசிய ஆரம்பித்துவிட்டது. இந்த எஞ்சினில் கார்பரேட்டர்களும் கொதிக்கக் கொதிக்கப் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கசிகிற பெட்ரோல் எங்கே சொட்டும் என்று யோசித்துப் பாருங்கள். காத்திருக்க முடியாததால் அதை மட்டும் வேறு இடத்தில் மாற்றிக்கொண்டேன், ரசீது இணைப்பில் உள்ளது.

டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் போட்டது நான் கேட்டதுதான். நெரிசலில் ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடும்போது, ஐடிலில் பழைய டைனமோவின் மின்சாரம் போதவில்லை. ஆனால் இந்தக் கார் பாசிட்டிவ் எர்த்தில் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது) வந்தது, ஆல்டர்னேட்டருக்காக அதை நெகட்டிவாக மாற்றியிருக்கிறீர்கள். சரி, மாற்றினால் அதோடு சேர்ந்த வேலைகளையும் முடிக்க வேண்டாமா? ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயிலின் இரண்டு ஒயர்களும் பழைய இடத்திலேயே இருக்கின்றன, அதனால் ஸ்பார்க் தலைகீழாகப் போய் பலம் குறைகிறது. ஆர்பிஎம் மீட்டரின் உள் இணைப்பை மாற்றாததால் முள் அசைவதே இல்லை.

எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் விஷயம் எனக்கு இன்னும் வருத்தம். ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு இங்கே நின்றுவிட்டதால், அந்த ஈயம் காத்துவந்த வால்வு சீட் (வால்வு மூடும்போது உட்காரும் இடம்) தேயாமலிருக்க என் ஹெட்டிலேயே கடினமான சீட்களைப் பதிக்கச் சொன்னேன். இப்போது காரில் இருக்கும் ஹெட்டின் வார்ப்பு எண், வேலைக்கு முன் நான் எடுத்த படத்தில் உள்ள எண் அல்ல. என்னைக் கேட்காமல் ஹெட்டையே மாற்றிவிட்டீர்கள். நான் கேட்ட மேம்பாடுகள் பெரும்பாலும், பின்னால் யாராவது விரும்பினால் காரை எம்ஜியின் ஆபிங்டன் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே திருப்பக்கூடியவை. அசல் பாகங்கள் கையில் இல்லாவிட்டால் அது எப்படி நடக்கும்?

பிரிட்டனின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், இப்படிப்பட்ட சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. செய்யாவிட்டால் உங்கள் செலவிலேயே மறுபடி செய்து கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் பணத்தைக் குறைக்க வேண்டும். அதன்படி சில் பேனல்களை இரண்டு பக்கமும் முழுதாக வெட்டி எடுத்து, பாடி வளையாமல் முட்டுக் கொடுத்து, புதிதாகப் போட்டுத் தர வேண்டும். பெயின்ட்டுக்கு முன் ஒவ்வொரு கட்டத்தையும் நான் நேரில் பார்க்க வேண்டும். காயில், மீட்டர் வேலைகளை முடித்து, குழாய்க்கு ஆன செலவையும் திருப்பித் தர வேண்டும். என் ஹெட், டைனமோ, அதன் மின்சாரத்தைச் சீராக்கும் கன்ட்ரோல் பாக்ஸ் மூன்றும் எனக்கு வேண்டும். ஹெட்டை விற்றுவிட்டிருந்தால் யாரிடம் என்று எழுதித் தெரிவியுங்கள், நானே போய்க் கேட்டுப் பார்க்கிறேன்.

இந்த வேலையை ஏற்கிறீர்களா என்று 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். மறுத்தால், வேறு பட்டறையில் சில் வேலையைச் செய்துகொண்டு அந்தச் செலவைக் கோரி நீதிமன்றத்துக்குப் போவேன். அதற்கான எஸ்டிமேட் வாங்கி வைத்திருக்கிறேன், அதன் நகலும் இத்துடன் உள்ளது.

இப்படிக்கு,
காரின் உரிமையாளர்

இணைப்பு: பில், முதல் எஸ்டிமேட், சில்லின் உட்புறப் படங்கள், ஹெட்டின் முன்–பின் படங்கள், குழாய் மாற்றிய ரசீது, சில் வேலைக்கான வேறு பட்டறையின் எஸ்டிமேட்