ஆண்டறிக்கை: துணைக்குப் போன ஓராண்டு

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் நடவடிக்கைக் குறிப்பு முன்னரே எல்லோருக்கும் அனுப்பப்பட்டது. திருத்தம் எதுவும் வரவில்லை. செயற்குழு ஒரு மாதம் தவிர மற்ற மாதங்களில் கூடியது. அந்த ஒரு மாதம் கூட்டம் நடத்தத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கை (கோரம்) சேரவில்லை. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். ஆகவே என் அறிக்கையை, சென்ற ஆண்டு நீங்கள் எதிர்ப்பின்றி நிறைவேற்றிய தீர்மானத்துக்கே ஒதுக்குகிறேன். புதிதாகக் குடியேறியோருக்கும் அகதிகளுக்கும் மனநலச் சிகிச்சை கிடைக்கச் சங்கம் துணைநிற்க வேண்டும் என்பது அந்தத் தீர்மானம்.

முதலில் ஒரு வேண்டுகோள். இதில் யார் பெயரும் இல்லை. வயதையும் வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். உரியவர்களின் சம்மதமும் பெற்றிருக்கிறேன். "இது அவராகத்தான் இருக்கும்" என்று இடைவேளையில் துப்புத் துலக்க வேண்டாம். நம்மிடம் உதவி கேட்க மக்கள் தயங்குவதற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம்.

ஆண்டின் தொடக்கம் தோல்வி. "மனநல விழிப்புணர்வுக் கூட்டம்" என்று நோட்டீஸ் அடித்து, மண்டபம் பிடித்து, நாற்காலி போட்டோம். வந்தவர்களை ஒரு கையால் எண்ணிவிடலாம். அவர்களிலும் பாதி நம் செயற்குழுவினர் வீட்டார். வாசலில் பெயர், முகவரி, தொலைபேசி எண் எழுத ஒரு பதிவேடு வைத்திருந்தோம். இருவர் வாசல்வரை வந்து, பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது பிறகுதான் தெரியவந்தது. அவர்களில் ஒருவர் பின்னர் என்னிடம் கேட்டார்: "என் கேஸ் இன்னும் முடியல. நான் எழுதிக் குடுக்குற பேர் எங்க போய் நிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?" பதிவேடு வைக்கச் சொன்னது நான். அடுத்த கூட்டத்துக்குப் பதிவேடு கிடையாது. நோட்டீசில் "இரவில் தூக்கம் வராதவர்களுக்கு" என்று மட்டும் போட்டோம். நாற்காலி போதவில்லை.

வந்தவர்கள் யாரும் மனநோய் என்ற சொல்லைத் தொடவில்லை. தூக்கமில்லை, தலை பாரம், நெஞ்சு அடைக்கிறது, வாசித்தது மனதில் நிற்கவில்லை, ஒரே யோசனை. இது நம்மவரின் தனிச் சொத்து அல்ல. ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் "குஃபுங்கிசிசா" என்று ஒரு சொல் உண்டு. அளவுக்கு மீறி யோசித்தல் என்று பொருள். கம்போடியர்களும் தங்கள் துயரத்தை அளவுக்கு மீறிய யோசனை என்றே சொல்கிறார்கள். நெஞ்சு அடைக்கிறது என்று போனவருக்கு இசிஜி எடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அனுப்பிவிடுகிறார்கள். இசிஜி எடுப்பது சரிதான். அதற்கடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதுதான் சிக்கல்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு மனநல மருத்துவரை அழைத்திருந்தோம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு ஒன்றை அவர் சொன்னார். 2019இல் வெளிவந்தது. போர் பாதித்த இடங்களில் வாழ்வோரில் சுமார் 22 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு, பதற்றம், அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தம், இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு ஆகியவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது. கடுமையான நிலையில் இருப்போர் 5 சதவீதம் அளவில். உடனே ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து, "அப்போ எங்களையெல்லாம் பைத்தியம்னு சொல்றீங்களா?" என்றார். மருத்துவர் கோபப்படவில்லை. கணக்கைத் திருப்பிப் போட்டார்: ஐந்தில் ஏறக்குறைய நான்கு பேருக்கு நோய் இல்லை, துயரம் இருக்கலாம், துயரம் நோயாகிவிடாது, நோய் உள்ளவருக்குச் சிகிச்சை உண்டு. மூத்தவர் உட்கார்ந்தார். அடுத்த மாதம் தன் மருமகனை அழைத்து வந்ததும் அவரே.

மருத்துவர் சொன்ன இன்னோர் ஆய்வுதான் ஆண்டு முழுவதும் என் தலைக்குள் ஓடியது. நெதர்லாந்தில் புகலிடம் கோரிய ஈராக்கியரிடம் நடத்தி 2004இல் வெளியிட்டது. வந்து 6 மாதத்துக்குள் இருந்தவர்களில் 42 சதவீதத்தினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு. முடிவு வராமல் 2 ஆண்டுக்கு மேல் காத்திருந்தவர்களிலோ 66 சதவீதத்தினருக்கு. போரைவிட்டுத் தப்பி வந்த பிறகும் ஏறுகிறது என்றால் காரணத்தை இங்கேயும் தேட வேண்டும். வேலை செய்ய அனுமதியில்லை, குடும்பத்தை அழைக்க முடியவில்லை, தபால்காரரைக் கண்டாலே வயிற்றைக் கலக்குகிறது. "அங்கே என்ன நடந்தது?" என்று கேட்கத்தான் நாம் பழகியிருக்கிறோம். "இங்கே என்ன நடக்கிறது?" என்று கேட்கத் தொடங்கிய பிறகே பலர் வாய் திறந்தார்கள்.

அதிலிருந்து பிறந்ததுதான் துணைக்குப் போகும் பணி. சந்திப்புக்கு நாள் வாங்குவது முதல் மருந்துச் சீட்டோடு வீடு திரும்புவது வரை ஒரு தொண்டர் கூடவே இருப்பார். அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு, ஒரு நாட்டில் சட்டப்படி தங்கியுள்ள அகதிகளுக்குப் பொது உதவியில் அந்நாட்டு மக்களுக்கு இணையான நடத்தையைத் தரச் சொல்கிறது. ஆனால் விண்ணப்பம் முடிவாகாதவர்களுக்குப் பல நாடுகளில் அவசரச் சிகிச்சை மட்டுமே. உரிமை அட்டை கையில் உள்ளவர்களும் உள்ளே போய்விடுவதில்லை. தொலைபேசியை எடுத்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று புரியாத மொழியில் ஓர் இயந்திரம் பேசுகிறது. தங்குமிடம் மாற்றி மாற்றி அனுப்பப்படுகிறவருக்கு வரவேண்டிய கடிதம் பழைய முகவரிக்குப் போகிறது. குறித்த நாளில் ஆள் வராததால் "வரவில்லை" என்று எழுதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். பிறகு மறுபடி வரிசையின் கடைசி. இவ்வாண்டு நாம் செய்தவற்றில் அதிகப் பலன் தந்தது எது என்று கேட்டால் என் பதில் சாதாரணமானது: விரும்பியவர்களின் மருத்துவக் கடிதங்களைச் சங்க முகவரிக்கு வரவைத்தோம். இதற்கு மனநலப் படிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

மொழிபெயர்ப்பு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பெரிய தவறு அங்கேதான் நடந்தது. ஓர் அம்மாவுக்குப் பல மாதக் காத்திருப்புக்குப் பின் சந்திப்பு கிடைத்தது. அன்று மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. கூட வந்திருந்த 12 வயது மகள் நன்றாகப் பேசுகிறாளே, அவளே சொல்லட்டும் என்றார்கள். நாள் கைவிட்டுப் போய்விடுமே என்று நம் தொண்டரும் ஒப்புக்கொண்டார். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததுண்டா என்று மருத்துவர் கேட்டார். பிள்ளை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அம்மாவிடம் கேட்காமலே, "இல்லை" என்று பதில் சொல்லிவிட்டாள்.

அன்று மாலையே செயற்குழு அவசரமாகக் கூடியது. 18 வயதுக்குட்பட்ட யாரையும் மொழிபெயர்க்க விடக்கூடாது. மொழிபெயர்ப்பாளர் இல்லையென்றால் வேறு நாள் கேட்டு, அன்றே எழுத்தில் முறையிட வேண்டும். இந்த விதிக்கு விலக்கு இல்லை. அந்த அம்மாவுக்கு இரண்டாவது சந்திப்பு முறையான மொழிபெயர்ப்பாளருடன் நடந்தது. சிகிச்சை தொடர்கிறது.

மொழி தெரிந்த பெரியவர் யாராக இருந்தாலும் போதுமா என்றால், அதுவும் இல்லை. மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் ஒன்பது கேள்விப் படிவம் ஒன்று உண்டு. கடந்த 2 வாரங்களைப் பற்றிக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி போடுவார்கள். ஒன்பதாவது கேள்வி, செத்தால் நல்லது என்ற எண்ணம் பற்றியது. நம் மொழியில் வரிசையில் ஒரு மணி நேரம் நின்றாலே "இதுக்குச் செத்துடலாம்" என்பார்கள். அதை அப்படியே மொழிபெயர்த்தால் ஆம்புலன்ஸ் வந்துவிடும். "சும்மா சலிப்பில் சொல்கிறார்" என்று பூசி மெழுகினால் உண்மையாகவே முடிவெடுத்தவரைத் தவறவிடுவோம். எங்களுக்குத் தெரிந்து ஒரு மொழிபெயர்ப்பாளர், "அப்படியெல்லாம் பேசக்கூடாது தம்பி" என்று அறிவுரை சொல்லி, அந்தப் பதிலை மருத்துவரிடம் சொல்லாமலே விட்டிருக்கிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் சொன்னதைச் சொன்னபடி, முழுவதும், பேசுகிறவர் போலவே "நான்" என்று தன்மையில் சொல்வதே மொழிபெயர்ப்பாளர் வேலை. ஐயம் இருந்தால் "இது எங்கள் மொழியில் வழக்கமாகச் சொல்வது, மறுபடி கேளுங்கள்" என்று மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. ஒரே மொழி பேசுவோர் போரில் எதிரெதிர்ப் பக்கம் நின்றிருக்கலாம். எதிரே உட்கார்ந்திருப்பவர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் யாரும் சித்திரவதையைப் பற்றிப் பேசமாட்டார். ஊர்க்காரரே வந்துவிட்டால் செய்தி வீட்டுக்கு முன்பே போய்ச் சேரும் என்ற பயம் வேறு. முகம் தெரியாத, பெயர் கேட்காத தொலைபேசி மொழிபெயர்ப்பைச் சிலர் விரும்புவது இதனால்தான். தொடக்கத்தில் எனக்கு அது ஈரமில்லாத ஏற்பாடாகத் தோன்றியது. இப்போது அப்படி நினைக்கவில்லை.

புகலிட வழக்குக்காக மருத்துவச் சான்று கேட்டும் பலர் வந்தார்கள். சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கு ஐ.நா.வின் இஸ்தான்புல் நெறிமுறை 1999 முதல் இருக்கிறது, 2022இல் திருத்தப்பட்டது. சான்று தருவது பயிற்சி பெற்ற மருத்துவர் வேலை. சங்கம் கடிதம் தராது என்பதை மறுபடியும் தெளிவுபடுத்துகிறேன். ஆனால் விசாரணையில் முன்னுக்குப்பின் முரணாகச் சொன்னதால் பொய்யர் எனப்பட்டவர்கள் ஒரு செய்தியைத் தங்கள் வழக்கறிஞரிடம் சொல்ல வேண்டும். கொசோவோ, போஸ்னிய அகதிகளிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு நேர்காணல்களிலும் ஒரே நிகழ்ச்சியைச் சொன்னபோது விவரங்கள் மாறுவது சகஜமாகவே இருந்தது. அதிர்ச்சி கடுமையாக உள்ளவர்களிடம், நேர்காணல்களுக்கிடையே நாள் கூடக்கூட மாற்றமும் கூடியது.

மனத்துயரைக் குறைக்க உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஐந்து அமர்வுத் திட்டத்தில் நம் தொண்டர்கள் சிலர் பயிற்சி எடுத்தார்கள். ஓர் அமர்வு ஒன்றரை மணி நேரம். மூச்சுப் பயிற்சி, தீர்க்கக்கூடிய பிரச்சினையைப் பிரித்தெடுப்பது, விட்டுப்போன வேலைகளைச் சிறிதாகத் தொடங்குவது, மனிதத் துணையைத் தேடுவது ஆகியவைதான் பாடம். மருத்துவர் அல்லாதவரும் மேற்பார்வையில் நடத்தலாம். தற்கொலைத் திட்டம் உள்ளவரையும் மனப்பிறழ்வு உள்ளவரையும் இதில் சேர்க்காமல் நேரே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நம் தொண்டர்களுக்கு இதை நான் சொல்லிக்கொண்டே இருப்பது சிலருக்கு எரிச்சல் தருகிறது என்று தெரியும். சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

இரண்டு தொண்டர்கள் விலகினார்கள். ஒருவர் வேலை மாறிப் போனார். மற்றவர், பிறர் கதை கேட்டுக் கேட்டுத் தன் பழைய கனவுகள் திரும்பி வந்துவிட்டன என்றார். அவரும் ஒரு காலத்தில் அகதியாக வந்தவரே. நாம் அவரை விசாரிக்கவில்லை. அவராகச் சொன்னபோதுதான் தெரிந்தது.

செய்யாமல் விட்டவையும் உண்டு. இளைஞர்களுக்கு எதுவும் செய்யவில்லை. ஆண்கள் வருவது குறைவு. வருகிறவர்களும் முதலில் மனைவிக்காக வந்ததாகவே சொல்கிறார்கள். அடுத்த ஆண்டுக்கு மூன்று முன்மொழிவுகளை அவையின் முன் வைக்கிறேன். தொண்டர்களுக்கு மாதம் ஒருமுறை வெளியாள் ஒருவரின் மேற்பார்வை. மொழிபெயர்ப்பாளர் பயிற்சிக்குத் தனி நிதி. மண்டப வாடகைக்கு ஒதுக்கிய தொகையைக் குறைத்துத் தொண்டர்களின் பயணச் செலவுக்கு மாற்றுதல். மூன்றாவதற்குப் பொருளாளரின் எதிர்ப்பு உண்டு. அவர் தம் கருத்தை அடுத்துச் சொல்வார்.

அறிக்கையைப் பொதுக்குழுவின் ஏற்புக்கு முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்