நாலு வரியில் முடிகிற செய்தியா இது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நன்னிலம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 26 வருஷம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். அமெரிக்காவில் குடியேறிகளைப் பிடித்து அடைப்பதும் திருப்பி அனுப்புவதுமான செய்திகள் உங்கள் பத்திரிகையில் உலகச் செய்திகளின் ஓரத்தில் நாலு வரியில் வந்து போகின்றன. எத்தனை பேர் என்று ஓர் எண், அப்புறம் அந்த அரசு சொன்ன காரணம், அவ்வளவுதான். அதில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதே பல நேரம் தெரிவதில்லை.

ஜூன் மாதம் பள்ளி திறக்கிற முதல் வாரத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். பிள்ளை அம்மாவின் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு விடாது, விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் உள்ளே தூக்கி வர வேண்டும். சாயங்காலம் அம்மா வந்துவிடுவாள் என்று எனக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. அழுது அழுது வாந்தி எடுத்த பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். 2018-ல் அமெரிக்க எல்லையில் பிரிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு அந்தச் சாயங்காலம் வரவே இல்லை. அனுமதியில்லாமல் எல்லை தாண்டி வந்தவர்கள் எல்லார் மேலும் குற்ற வழக்கு என்று முடிவெடுத்து, பெற்றோரை ஓரிடத்துக்கும் பிள்ளையை வேறோர் இடத்துக்கும் அனுப்பினார்கள். டிரம்ப்பின் முதல் ஆட்சிக் காலத்தில் இப்படிப் பிரிக்கப்பட்ட பிள்ளைகள் 5,000-க்கும் மேல். ஐந்து வயதுக்குட்பட்டவர்களை 14 நாளிலும் மற்றவர்களை 30 நாளிலும் பெற்றோரிடம் சேர்க்கச் சொல்லி ஜூன் கடைசியில் ஒரு நீதிபதி உத்தரவு போட்டார். சேர்க்கப் போனால், எந்தப் பிள்ளை யாருடையது என்று ஒழுங்கான பதிவே இல்லை, நூற்றுக்கணக்கான பெற்றோரை அதற்குள் பிள்ளை இல்லாமலேயே நாடு கடத்தியிருந்தார்கள். சத்துணவில் ஒரு முட்டைக்குக்கூட நாங்கள் கணக்கு எழுதி வைத்தோம், ஐயா.

பிடிபட்ட பிள்ளைகளைச் சுத்தமான, பாதுகாப்பான இடத்தில் வைக்க வேண்டும், சீக்கிரம் வெளியே விட வேண்டும் என்று 1997-லேயே அங்கே நீதிமன்ற ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் சோப்பும் பல் துலக்கும் பிரஷும் கட்டாயம் கொடுத்தாக வேண்டும் என்று அதில் எங்கே இருக்கிறது என்ற போக்கில் 2019-ல் அரசு வழக்கறிஞர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வாதாடினார். அதே மாதம் டெக்சாஸில் கிளின்ட் என்ற ஊரின் எல்லைக் காவல் நிலையத்துக்குப் போன வழக்கறிஞர்கள், ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் யாரோ பெற்ற கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு வந்து சொன்னார்கள்.

எங்கேயோ நடக்கிறது என்றும் விட முடியாது. ஆஸ்திரேலியாவில் பிலோயலா என்ற சின்ன ஊரில் இருந்த குடும்பம் தமிழ்க் குடும்பம், பெற்றோர் நம் கோடியக்கரைக்கு எதிர்க்கரையான இலங்கையைச் சேர்ந்தவர்கள், படகில் போனவர்கள். இரண்டு பெண் பிள்ளைகளும் அங்கேயே பிறந்தவர்கள். 2018 மார்ச்சில் விடியற்காலை அதிகாரிகள் வந்து அழைத்துப் போனபோது சின்னவளுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. 2019-ல் விமானத்தில் ஏற்றியே விட்டார்கள், பறந்துகொண்டிருக்கும்போது நீதிமன்றத் தடை வந்ததால் டார்வினில் இறக்கி, பிறகு கிறிஸ்துமஸ் தீவின் தடுப்பு முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள். 2021 ஜூனில் அந்தச் சின்னவள் பல நாள் காய்ச்சலில் கிடந்து, நிமோனியா முற்றி, இரத்தத்தில் கிருமி பரவிய பிறகுதான் பெர்த் நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பிலோயலா மக்கள் விடாமல் போராடினார்கள், ஆட்சியும் மாறியது, 2022-ல்தான் பிள்ளைகள் திரும்ப அந்த ஊர் மண்ணை மிதித்தார்கள்.

சட்டத்தை மீறிப் போனால் அப்படித்தான் என்று என் தம்பி மகனே சொல்கிறான். சரி, பெரியவர்கள் செய்ததைச் சட்டம் கேட்கட்டும். விசா முடிந்த பிறகும் வளைகுடாவில் ஒளிந்து வேலை பார்த்தவர்கள் நம் தெருக்களிலும் உண்டு, அவர்கள் பிள்ளைகளை நாம் யாராவது குற்றவாளி என்றோமா?

இனிமேல் அந்த நாலு வரி வரும்போது பிள்ளைக்கு என்ன வயது, எத்தனை நாளாக உள்ளே இருக்கிறது, வக்கீல் உண்டா என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அமெரிக்கக் குடியேற்ற நீதிமன்றத்தில் பிள்ளைக்கு அரசு செலவில் வக்கீல் கேட்கிற உரிமை கிடையாது, மூன்று நாலு வயதுப் பிள்ளைகள்கூட வக்கீல் இல்லாமல் நீதிபதி முன்னால் நின்றிருக்கிறார்கள். அப்படியே நம் திருச்சி கொட்டப்பட்டில் உள்ள இலங்கைத் தமிழர் முகாமுக்கும் ஒரு நிருபரை அனுப்புங்கள். இந்த மண்ணிலேயே பிறந்து, நம் பள்ளிக்கூடத்திலேயே படித்து, எந்த நாட்டுப் பிள்ளை என்று கேட்டால் பதில் சொல்ல முடியாமல் நிற்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், அவர்களிடமும் பேசி எழுதுங்கள்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, நன்னிலம், திருவாரூர் மாவட்டம்