பென்சில் மட்டும் நுழையும் இடைவெளி: இரட்டை டயர் தொடர்பான புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: எம்35ஏ2 லாரிக்கு வாங்கிய நான்கு பின் டயர்கள், ஸ்பேசர் (இரண்டு சக்கரத்துக்கும் நடுவே வைக்கும் இடைவெளித் தகடு) ஆகியவற்றின் தொகையைத் திருப்பித் தருவது குறித்து

வணக்கம்.

ராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 லாரி ஒன்று என்னிடம் இருக்கிறது. பின்னால் இருந்த இரண்டு ஆக்சில்களில் ஒன்றை எடுத்துவிட்டு, சேஸியைக் குட்டையாக்கி ஓட்டுகிறேன். முன்னால் இரண்டு டயர், பின்னால் இரண்டு ஜோடி, ஆக மொத்தம் ஆறு. வண்டியோடு வந்த அளவு 9.00-20. அதற்குப் பதிலாக 11.00ஆர்20 டயர்கள் ஆறை உங்களிடம் வாங்கினேன்.

ஆர்டர் கொடுக்கும் முன் நான் கேட்டது ஒரே கேள்விதான், அதையும் இரண்டு முறை கேட்டேன்: "பழைய டிஸ்க்கிலேயே, அதாவது டயர் ஏறும் இரும்புச் சக்கரத்திலேயே, ஜோடியாக மாட்டினால் இரண்டு டயரும் ஒன்றோடொன்று உரசாதா?" உங்கள் விற்பனைப் பிரிவு இரண்டு முறையும் எழுத்திலேயே பதில் தந்தது: நேராக மாட்டலாம், வேறு எதுவும் தேவையில்லை. அந்த இரண்டு பதில்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

மாட்டினோம். ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, காற்றைச் சரியாக அடித்துப் பார்த்தபோது உள் டயருக்கும் வெளி டயருக்கும் நடுவே ஒரு பென்சில் நுழைந்தது, விரல் நுழையவில்லை. வண்டியைத் தரையில் இறக்கினேன். அடியில் இரண்டு டயரின் வயிறும் பிதுங்கிச் சேர்ந்துகொண்டன, நடுவில் செருகியிருந்த பென்சில் அப்படியே மாட்டிக்கொண்டது. சுமை ஏற்றாத வெறும் வண்டி அது. அன்றே உங்களுக்குப் போன் செய்தேன். "புது டயர் அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் ஓடினால் படிந்துவிடும்" என்றார்கள். அதை நம்பியது என் தப்பு, அதை மறைக்கவில்லை.

மறுநாள் சுமார் 140 கிலோமீட்டர் ஓட்டினேன். பாதி வழியில் நிறுத்திக் கை வைத்துப் பார்த்தால் முன் டயர் வெதுவெதுப்பாக இருந்தது, பின் ஜோடியின் உள்பக்கத்தில் கை வைக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து வெளி டயரைக் கழற்றியதும் கருப்புத் துருவல் கொட்டியது. இரண்டு பக்கச்சுவரிலும் உள்ளங்கை அகலத்துக்கு வட்டம் முழுக்க ரப்பர் தேய்ந்திருந்தது. ஓரிடத்தில் உள்ளே இருக்கும் இழையே தெரிகிறது. எழுத்து, எண் எதுவும் மிஞ்சவில்லை. படங்களைப் பாருங்கள்.

இதற்கு நீங்கள் தந்த பதில், காற்று குறைவாக வைத்து ஓட்டியிருப்பேன் என்பது. கிளம்பும் முன் டயர் குளிர்ந்திருந்தபோது நான்கையும் அளந்தேன். மறுநாள் காலை மறுபடியும் அளந்தேன். எதிலும் காற்று குறையவில்லை. காற்று முழுசாக இருந்து, வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே ஒரு விரல் இடம் இல்லை என்றால் குறை காற்றிலா இருக்கிறது?

குறை கணக்கில்தான் இருக்கிறது. பழைய 9.00-20 டயரின் அகலம் ஏறக்குறைய 260 மில்லிமீட்டர். 11.00ஆர்20 ஏறக்குறைய 290. ஜோடியாக ஓட்டும்போது ஒரு டயரின் நடுவிலிருந்து அடுத்ததின் நடுவரை குறைந்தது சுமார் 330 மில்லிமீட்டர் வேண்டும் என்று இந்த அளவு டயருக்கு அட்டவணை சொல்கிறது. சுமையில் பக்கவாட்டில் பிதுங்கவும், காற்று ஓடிச் சூடு தணியவும் அந்த இடம் தேவை. என் டிஸ்க்கில் இருப்பது 296. டயர் விற்கிறவர்களின் மேசையில் கிடக்கிற அட்டவணைதான் இது. டிஸ்க்கின் அளவு என்ன என்று ஒருவராவது என்னிடம் கேட்டிருக்கலாம்.

அப்புறம் அந்த ஸ்பேசர். புகார் செய்த பிறகு நீங்கள் அனுப்பியது 20 மில்லிமீட்டர் கனம். 296-உம் 20-உம் சேர்ந்தால் 316. அப்போதும் போதவில்லை. சரி, மாட்டித்தான் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். இந்த வண்டியில் உள் டிஸ்க்கை நீளமான உள் நட் பிடிக்கிறது, அந்த நட்டின் மேலேயே வெளி நட் ஏறுகிறது. நடுவில் ஸ்பேசர் தகடு வந்ததும் வெளி நட்டுக்குப் போதுமான பிடிப்பு கிடைக்கவில்லை. பழையபடி மாட்டினால் முழுசாக ஏறும். அந்த அரைகுறைப் பிடிப்பை நம்பி எந்த டிரைவரும் வண்டியை எடுக்க மாட்டான். நீள நட் கேட்டேன், பன்னிரண்டு வந்தது. பன்னிரண்டும் வலது மரை, வலப்பக்கம் திருகினால் இறுகுவது. இந்த லாரியின் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. நட் ஏறும் ஸ்டட் போல்ட்டின் தலையிலேயே 'எல்' என்று குத்தியிருக்கிறது. ஆக ஆறு நட் வீண்.

கடைசியாக வந்த யோசனை இன்னும் வேடிக்கை: வெளி டயரைக் கழற்றிவிட்டு ஒற்றையாக ஓட்டச் சொன்னீர்கள். ஒரு ஆக்சிலை எடுத்துவிட்டதால் பின்பக்கப் பாரம் முழுக்க மிச்சமுள்ள ஒன்றின் மேல்தான் விழுகிறது. அதற்காகத்தான் ஜோடி டயர் கேட்டேன்.

முன் டயர்கள் இரண்டிலும் குறை எதுவும் இல்லை. ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பினாலும் எங்கும் இடிக்கவில்லை. டயர் உயரம் கூடியதால் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 85-ல் போகிறது. அது தெரிந்தேதான் வாங்கினேன், அதைப் புகாராகச் சொல்லவில்லை.

நான் கேட்பது: பின் டயர்கள் நான்குக்கும், ஸ்பேசர், நட்டுகளுக்கும் கொடுத்த முழுத் தொகை, அவற்றின் போக்குவரத்துக் கட்டணம். பணத்துக்குப் பதிலாக, 330-க்குக் குறையாமல் இடைவெளி தரும் டிஸ்க்குகளும் புதிய டயர்கள் நான்கும் தருவதாக இருந்தாலும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அளவை முதலில் எழுத்தில் அனுப்புங்கள். கூப்பனோ அடுத்த ஆர்டரில் தள்ளுபடியோ வேண்டாம்.

தேய்ந்த டயர்கள் நான்கிலும் எந்தப் பக்கம், உள்ளா வெளியா என்று சாக்பீஸில் எழுதித் தனியாக வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வந்து பார்க்கலாம், எடுத்துப் போகலாம். 15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்கு இதே கடிதம் போகும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது, விற்பனைப் பிரிவின் இரண்டு பதில்கள், படங்கள்