கெடு வைக்கும் உரிமை யாருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி சொன்னபோது தொடங்கிய விவாதம், 2025 ஜனவரியில் எல் அண்ட் டி நிறுவனத் தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரத்தைப் பற்றிப் பேசியதும் மீண்டும் சூடுபிடித்தது. இன்றுவரை அது ஓயவில்லை. கோவையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் பொறியாளராகப் பணிபுரிபவன் என்ற முறையில், இந்த விவாதம் மணிக்கணக்கோடு நின்றுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. எங்கள் தொழிலில் ஒருவர் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறார் என்பதைத் தீர்மானிப்பது, ஒரு மென்பொருள் எந்தத் தேதிக்குத் தயாராகும் என்று சொல்லும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான்.

பெரிய சேவை நிறுவனங்களில் அந்தத் தேதியை வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொள்பவர் பெரும்பாலும் விற்பனைப் பிரிவைச் சேர்ந்தவராக இருப்பார். நிரல் எழுத வேண்டியவருக்கு அது பிறகுதான் தெரியவரும். ஒப்புக்கொண்ட நாளுக்கும் வேலைக்கு உண்மையில் தேவைப்படும் நாளுக்கும் இடையே உள்ள பள்ளத்தை இரவுகளையும் சனி, ஞாயிறுகளையும் போட்டு நிரப்புகிறார்கள். அப்படி எழுதிய நிரலில் பிழை மலிந்திருப்பதும், அதைத் திருத்த மறுபடியும் இரவுகள் செலவாவதும் இத்துறையில் இருக்கும் எவருக்கும் புதிதல்ல. முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், இந்தத் தேதிக்குள் முடியாது என்று முன்கூட்டியே சொன்ன இளைஞர் ஆண்டு மதிப்பீட்டில் 'ஒத்துழைப்புக் குறைவு' என்ற குறிப்பைப் பெற்றார். அவர் சொன்னபடியே வேலை தாமதமான பிறகும் அந்தக் குறிப்பை யாரும் அழிக்கவில்லை.

இதற்கு மாறான ஒரு பண்பாடு நடைமுறையில் சாத்தியமா என்று கேட்பவர்களுக்கு, தகவல்களைச் சேமித்து வேண்டும்போது எடுத்துத் தரும் எஸ்க்யூலைட் (SQLite) என்ற தரவுத்தள மென்பொருளின் கதையை நான் சொல்ல விரும்புகிறேன். அதன் பெயரைக் கேட்டிராதவர்களின் கைபேசியிலும் அது இருக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐஃபோன் ஆகிய இரண்டிலும், ஃபயர்ஃபாக்ஸ், குரோம் உலாவிகளிலும், ஏர்பஸ் ஏ350 விமானத்தின் மென்பொருளிலும் அது பயன்படுகிறது. அதை உருவாக்கிப் பராமரித்துவருபவர்கள், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள சார்லட் நகரைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹிப்பும் அவருடன் பணியாற்றும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பொறியாளர்களும் மட்டுமே.

2000-ஆம் ஆண்டில் ஹிப், அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தார். கப்பலுக்குச் சேதம் ஏற்பட்டால் எந்தெந்தக் குழாய் வால்வுகளை மூட வேண்டும், எவற்றைத் திறக்க வேண்டும் என்று கணித்துச் சொல்வது அதன் வேலை. தரவுகளோ வேறொரு நிறுவனத்தின் தரவுத்தள சர்வரில் இருந்தன. அந்த சர்வர் நின்றுபோகும்போதெல்லாம் திரையில் பிழைச் செய்தியைக் காட்டியது ஹிப்பின் மென்பொருள் என்பதால், பழியும் அவர்மீதே விழுந்தது. சர்வரே தேவைப்படாத ஒரு தரவுத்தளம் இருந்தால் என்ன என்று யோசித்தவர், தாமே அதை எழுதி அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியிட்டார். பயனர் யாரிடம் வந்து குறை சொல்கிறாரோ அவருக்கே அதைத் திருத்தும் ஆற்றலும் அதிகாரமும் இருக்க வேண்டும் என்ற கொள்கை, எவரும் எழுதி வைக்காமலே அந்த மென்பொருளின் பிறப்பிலேயே அமைந்துவிட்டது என்று நான் நினைக்கிறேன்.

பின்னர் பெரிய நிறுவனங்கள் எஸ்க்யூலைட்டைச் சார்ந்திருக்கத் தொடங்கியதும், அதன் பராமரிப்புக்கு நிலையான வருவாய் தேவைப்பட்டது. 2007-இல் அதற்காக ஒரு கூட்டமைப்பு அமைக்கப்பட்டபோது, பணம் தரும் நிறுவனங்களிடம் தொழில்நுட்பக் கட்டுப்பாடு போய்விடக் கூடாது, அது நிரலாளர்களிடமே இருக்க வேண்டும் என்று வலியுறுத்தியவர் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொஸில்லாவின் மிட்செல் பேக்கர் என்று ஹிப் கூறியிருக்கிறார். பணம் கொடுப்பவரை மதிப்பதும், பொறியியல் முடிவை அவரிடம் ஒப்படைப்பதும் வெவ்வேறு செயல்கள். நம் ஊரில் புதிதாகத் தொழில் தொடங்கும் பல நல்ல பொறியாளர்கள் முதல் பெரிய வாடிக்கையாளர் கிடைத்தவுடன் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

தேதியைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமையை எஸ்க்யூலைட் குழுவினர் சோம்பலுக்குப் பயன்படுத்தவில்லை என்பதற்கு அவர்களுடைய சோதனை முறையே சான்று. விமான மென்பொருளுக்கான தர நெறிகளைப் பின்பற்றி, 'இப்படியானால் இதைச் செய், இல்லையேல் அதைச் செய்' என்று நிரல் பிரியும் ஒவ்வொரு கிளைவழியும் ஒரு முறையேனும் சோதனையில் ஓடும்படி செய்யும் கடும் உழைப்பை மேற்கொண்டு, 2009 வாக்கில் அந்த இலக்கை முழுமையாக எட்டினார்கள். இன்று மூல நிரல் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் வரிகள் என்றால், அதைச் சோதிக்க எழுதப்பட்ட நிரல் அதைப் போல் சுமார் 590 மடங்கு. காலாண்டுக் கெடுவை மட்டுமே பார்க்கும் எந்த மேலாளரும் இதற்கு அனுமதி தந்திருக்க மாட்டார். 2050-ஆம் ஆண்டு வரை இம்மென்பொருளைப் பராமரிப்பது தங்கள் நோக்கம் என்றும் அவர்கள் வெளிப்படையாக அறிவித்திருக்கிறார்கள். அவ்வளவு தொலைவுக்குத் திட்டமிடுபவர்கள், எழுதுபவரின் உடலையும் மனத்தையும் இந்த ஆண்டே கசக்கிப் பிழிந்துவிட முடியாது.

விழுமியங்கள் என்ற சொல்லைச் சுவரொட்டிகளில் பார்த்துப் பழகிய நமக்கு, அவர்கள் அதைக் கையாண்ட விதமும் கவனிக்கத்தக்கது. 2018-இல் அவர்கள் தங்களுக்கான நெறியாகக் காட்டியது, ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன் கிறித்தவத் துறவியருக்காகப் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) வகுத்த விதிகளின் ஒரு பகுதி. மென்பொருள் உலகில் பலர் அதைக் கடுமையாக விமர்சித்தார்கள்; சமய நூலொன்றைத் தொழிலுக்குள் கொண்டுவருவது குறித்த அவர்களுடைய தயக்கத்தில் நியாயம் இருந்தது. ஆயினும் ஹிப் குழுவினர், இந்த நெறியை வேறு எவரும் பின்பற்ற வேண்டியதில்லை, ஏற்கவும் வேண்டியதில்லை, பிறரிடம் நாங்கள் எப்படி நடந்துகொள்வோம் என்பதற்கான எங்கள் வாக்குறுதி இது என்ற பொருளில் விளக்கமளித்தார்கள். மேலிருப்பவர்கள் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்வதற்காக நெறி வகுப்பதை நம் நிறுவனங்களில் எவ்வளவு அரிதாகக் காண்கிறோம்!

சிறிய நிறுவனம் என்றாலே நல்ல நிறுவனம் என்று சொல்ல நான் வரவில்லை. குழுக்களின் பணிகளை ஒருங்கிணைக்க உதவும் பேஸ்கேம்ப் மென்பொருளை உருவாக்கும் 37சிக்னல்ஸ் நிறுவனம், வாரத்துக்கு 40 மணி நேரமே போதும் என்றும் கோடையில் நான்கு நாள் வேலை போதும் என்றும் நடைமுறையிலேயே காட்டியது. அதே நிறுவனத்தில் 2021-இல், அலுவலக இணைய உரையாடல் தளங்களில் அரசியல் விவாதம் கூடாது என்று நிறுவனர்கள் தாங்களாகவே அறிவித்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஊழியர்கள் வெளியேறினர். அதிகாரம் இருவர் கையில் இருக்கும்போது அவர்களுடைய நல்லெண்ணத்தையே அனைவரும் நம்பியிருக்க வேண்டிவருகிறது. அதனால்தான் சட்டத்தின் துணையும் தேவைப்படுகிறது. 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று சொல்லும் சில சிறு நிறுவனங்கள், பத்துப் பேர் பணிபுரிந்தாலே பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும் என்பதையும், 26 வார மகப்பேறு விடுப்பையும், பணிக்கொடையையும் தங்களுக்குச் சம்பந்தமில்லாதவைபோல நடத்துகின்றன. ஊழியர் எண்ணிக்கை 20-ஐத் தொட்டால் வருங்கால வைப்பு நிதி வந்துவிடும் என்பதற்காகச் சிலரை ஒப்பந்தக்காரர் என்று எழுதிக்கொள்வதையும் கேள்விப்படுகிறோம். பொறியாளர்களே நடத்தும் நிறுவனம் என்ற பெருமை இவற்றுக்கு மறைப்பாக இருக்கக் கூடாது.

எங்கள் நிறுவனத்தில் நாங்கள் கடைப்பிடிக்க முயல்வது எளிமையானது. ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்பதை அதைச் செய்யப்போகிறவரே சொல்கிறார். சேர்ந்து சில மாதங்களே ஆனவராக இருந்தாலும் அவர் சொன்ன கணக்கைக் குறைக்க வேண்டுமென்றால், நாள்களை வெட்டாமல், கேட்ட வசதிகளில் எதை விடலாம் என்று வாடிக்கையாளரோடு பேசுகிறோம். இரவில் சர்வர் நின்றால் எழுந்து பார்க்க வேண்டியவர்களின் முறைப் பட்டியலில் நிறுவனரின் பெயரும் இருக்கிறது. இரவு விழித்தவர் மறுநாள் விடுப்பு கேட்டு யாரிடமும் நிற்க வேண்டியதில்லை. இதனால் சில வாடிக்கையாளர்களை இழந்திருக்கிறோம் என்பதும் உண்மை. இருப்பவர்கள் நீண்ட காலம் இருக்கிறார்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பொறியியல் கலந்தாய்வுக் காலத்திலும் வளாக நேர்காணல் காலத்திலும் நாளிதழ்கள் வெளியிடும் சிறப்புப் பக்கங்களில் நிறுவனத்தின் பெயரும் ஆண்டுச் சம்பளமும்தான் முதன்மை பெறுகின்றன. பெற்றோர்களும் கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அலுவலர்களும் அவற்றை வைத்தே முடிவெடுக்கிறார்கள். கெடுவை முடிவுசெய்வது யார், முடியாது என்று சொன்னவருக்கு என்ன நேர்ந்தது, இரவுப் பணி எப்படிப் பகிரப்படுகிறது என்ற கேள்விகளை நிறுவனங்களிடம் கேட்டு, அவற்றின் விடைகளையும் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே தாங்கள் வெளியிட வேண்டும். கோவை, மதுரை, திருநெல்வேலி போன்ற ஊர்களில் இயங்கும் சிறு மென்பொருள் நிறுவனங்களையும் அந்தப் பக்கங்களில் சேர்த்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.