பைண்டிங் ஐயாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

தண்ணீர் புகுந்து எங்கள் இசைக்குழுவின் இசைத்தாள் அலமாரிக்கு என்ன ஆனது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரை இறைத்தவர்களில் பாதிப் பேர் நீங்கள்தான். கடைசிக் கட்டும் நேற்று காய்ந்துவிட்டது. அந்தச் சூட்டோடு இதை எழுதிவிடுகிறோம்.

முதலில், புத்தகம் கட்டும் பைண்டிங் ஐயா. யாரும் கூப்பிடவில்லை, ஒரு கட்டு அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் தாளோடு அவராகவே வந்தார். வாசலில் நின்றபடி சொன்ன முதல் வார்த்தை, "பக்கத்தைப் பிரிக்காதீங்க." அப்போது நாலைந்து பேர் பார்ட்டுகளை, அதாவது ஒவ்வொரு கருவிக்கும் தனியாக உள்ள இசைத்தாள்களை, ஒவ்வொரு தாளாக உரித்துக்கொண்டிருந்தார்கள். ஊறிய தாள் தன் எடையையே தாங்காது. கட்டாகவே பலகையில் ஏந்தி, வடியவிட்டு, சுமார் பத்துத் தாளுக்கு ஒரு வெற்றுத்தாள் செருகி, அது ஈரமானதும் மாற்ற வேண்டும். அதிகம் செருகினால் முதுகு பிளந்துகொள்ளும். ஃபேன் காற்று நேரே தாளில் படக் கூடாது. வெயிலும் ஹேர் டிரையரும் வேண்டவே வேண்டாம், ஓரம் முந்திக் காய்ந்து நடு உப்பிவிடும். 48 மணி நேரம் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், அதற்குள் கை வைக்க முடியாததையெல்லாம் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசருக்கு அனுப்பினார். நிகழ்ச்சி மலர்கள்தான் முதலில் போயின. வழவழப்புத் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்தால் அப்புறம் அது செங்கல்தான். 1966 ஃபிளாரன்ஸ் வெள்ளத்திலும் நூலகப் புத்தகங்களுக்கு இப்படித்தான் தாள் செருகிச் செருகி மாற்றினார்களாம், வேலைக்கு நடுவே அவர் சொன்னது.

இதெல்லாம் தொழில் தெரிந்தவர் செய்வது. இந்த மடல் அவர் செய்த இன்னொன்றுக்காக.

பார்ட்டில் முதலில் பிய்வது கீழ் வலது மூலை, பக்கம் திருப்பும் விரல் பட்டுப் பட்டு நைந்த இடம். வயலினில் ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர்; உள்பக்கம் உட்காருபவர் திருப்புவார். "சட்டென்று திருப்பு", "அடுத்த நான்கு பார் (தாளக் கட்டம்) மனப்பாடம்", "கையைப் பார்" என்று பென்சிலில் கிறுக்கியதெல்லாம் அந்த மூலையில்தான் இருக்கும். ஐயாவுக்கு இசை நோட்ஸ் படிக்கத் தெரியாது. ஆனாலும் உதிர்ந்த மூலை ஒன்றைக்கூடப் பெருக்கித் தள்ள விடவில்லை. ஒவ்வொன்றையும் ஒரு தபால் உறையில் போட்டு, "வயோலா, 3-ஆம் ஸ்டாண்டு, பக்கம் 5" என்று மேலே எழுதிவைத்தார். மொத்தம் 61 உறைகள்.

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனிக்குக் காற்றுக் கருவிகளும் டிம்பனியும் சேர்த்து 18 பார்ட். தந்திக் கருவிகளில் 40 பேர் என்றால், இரண்டு பேருக்கு ஒன்றாக இன்னும் 20. அந்த 38-ஐயும் புதிதாக அச்சில் வாங்கிவிடலாம். ஆனால் ஒரே வரிக்கு வில்லை மேலே இழுப்பதா கீழே இழுப்பதா என்று மூன்று தலைமுறை அழித்து அழித்துப் போட்ட சண்டை எந்தக் கடையிலும் கிடைக்காது. டிராம்போனுக்கு ஆள் இல்லாதபோது அந்த வரியைச் செல்லோவுக்கு மாற்றி எழுதிய குறிப்பும், வாசித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் போட்ட கையெழுத்தும் தேதியும் அப்படித்தான். ஆண்டறிக்கையைப் புரட்டினால் தலைவர் பெயரும் பொருளாளர் பெயரும்தான் தெரியும். பென்சில் கோடு தண்ணீரில் கரையாது, அதனால் இவையெல்லாம் பிழைத்தன. ஊற்றுப்பேனாவில் எழுதியவை நீலக் கறையாகிவிட்டன.

செல்லோக்களின் வாய்விட்ட ஓரங்களை ஒட்டித் தந்தவருக்கு நன்றி. அவற்றில் விலங்குப் பசை போட்டிருந்ததால்தான் பலகை பிளக்காமல் ஓரம் மட்டும் விட்டது. தந்திகளை மொத்தமாகக் கழற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தச் சொன்னதும் அவர்தான், இல்லாவிட்டால் உள்ளே தந்தியின் அழுத்தத்தில் நிற்கும் மரத்துண்டான ஒலித்தூண் விழுந்திருக்கும். கிளாரினெட்டின் துளை மூடும் பேடுகளை மாற்றியவர்கள், ஸ்டாண்டுகளை இரவல் தந்தவர்கள், ஃப்ரீசரில் இடம் ஒதுக்கித் தங்கள் சமையலைச் சுருக்கிக்கொண்ட வீட்டார், எல்லோருக்கும் நன்றி.

இனி அலமாரியின் அடித்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கும். பார்ட்டில் 2பி பென்சில் தவிர எதுவும் படாது. ஸ்கேன் செய்யும்போது, நோட்ஸ் இல்லாத கடைசிப் பக்கத்தையும் சேர்த்தே எடுப்போம்.

57 மூலைகள் ஒட்டியாகிவிட்டன. மீதி நான்கு உறைகளில் ஐயா கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறார். அதில் ஒன்றில், சாய்ந்த எழுத்தில், "மூச்சு விடாதே" என்று இருக்கிறது. காற்றுக் கருவிக்காரர் கையாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கையெழுத்தை அடையாளம் தெரிந்தவர்கள் ஒத்திகை அன்று அரை மணி முன்னதாக வாருங்கள்.